காபி மேக்கரில் தட்டு சூடாகிறது, ஆனால் தண்ணீர் மேலே ஏறவில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். சொட்டுச் சொட்டாகக் காபி இறக்கும் சாதாரண மேக்கர் என்றால் பெரும்பாலும் நாமே சரிசெய்துவிடலாம். எங்கள் வீட்டு மேக்கரை இரண்டு தடவை கழற்றிப் பார்த்திருக்கிறேன்; அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுடையது பம்ப் வைத்து அழுத்தத்தில் இயங்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் என்றால் இந்தப் பதில் பொருந்தாது. முதல்முறை கைவைப்பவர்கள் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

தட்டு சூடாகிறது என்று சொல்லிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இந்த மேக்கரில் தண்ணீரை ஏற்ற மோட்டார் எதுவும் கிடையாது. தொட்டித் தண்ணீர் அடியில் வளைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்க்குள் இறங்கும். அந்தக் குழாயை ஒட்டியே ஹீட்டர் இருக்கும். உள்ளே தண்ணீர் கொதித்ததும் நீராவிக் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளிக்கொண்டு போய்க் காபித் தூள்மேல் விடும். குடுவை வைக்கும் தட்டைச் சூடாக்குவதும் அதே ஹீட்டர்தான். ஆகவே தட்டு நன்றாகச் சுடுகிறது என்றால் ஹீட்டர் வேலை செய்கிறது; கோளாறு தண்ணீர் போகும் பாதையில் இருக்கிறது.

அந்தப் பாதையில் ஒரு சின்ன ஒருவழி வால்வு உண்டு. கொதித்த தண்ணீர் திரும்பித் தொட்டிக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. மேக்கரைப் போட்டுவிட்டு மூடியைத் திறந்து தொட்டிக்குள் பாருங்கள். தண்ணீருக்குள் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை. குமிழியே இல்லை, தண்ணீர் மட்டமும் குறையவில்லை என்றால் வால்வோ குழாயோ அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உப்புப் படிவு.

எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வினிகரை எடுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தொட்டியில் ஊற்றி, பாதி இறங்கியதும் நிறுத்தி, அரைமணி நேரம் ஊறவிட்டு மீதியை ஓட்டுங்கள். ஏறவே இல்லையென்றாலும் அப்படியே உள்ளே ஊறட்டும். குழாயில் படிந்திருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஓட்டினால் வாடை போய்விடும். எனக்கு இதிலேயே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் வந்து விழுந்தன. தண்ணீரும் ஏறத் தொடங்கியது. ஆனால் தொட்டியில் குமிழி நிற்கவில்லை.

அதனால் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். அடியில் மூன்று ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிந்தது. நான்காவது ரப்பர் பாதத்துக்குள் ஒளிந்திருந்தது. அது தெரியாமல் நெம்பியிருந்தால் பிளாஸ்டிக் உடைந்திருக்கும். உள்ளே தொட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். வால்வு என்பது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குண்டு, அவ்வளவுதான். அது உட்கார வேண்டிய இடத்தில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு உப்புச் செதில். பல் குத்தும் குச்சியால் தள்ளியதும் வந்துவிட்டது. குழாயைக் காதருகே ஆட்டினால் குண்டு கடகடவென்று உருள வேண்டும். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

இரண்டாவது தடவை வேறு கதை. விளக்கு எரிகிறது, தட்டு சில்லென்று இருக்கிறது. இது மின்பக்கக் கோளாறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 230 வோல்ட்டில் 900 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 59 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. ஹீட்டர்மேல் கண்ணாடி இழை உறைக்குள் படுத்திருந்த தெர்மல் ஃபியூஸ்தான், அதாவது சூடு எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஃபியூஸ்தான், போயிருந்தது.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபியூஸை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிட்டால் ஓடும் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். ஓடும்தான். ஆனால் சூடு கூடினால் மின்சாரத்தைப் பிரித்து, ஆறினால் திரும்பச் சேர்க்கும் தெர்மோஸ்டாட் கைவிட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஒரு ஃபியூஸ் மட்டுமே. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது அந்தத் தட்டு சிவக்கச் சிவக்கக் காய்வதை நினைத்துப் பாருங்கள். பழைய ஃபியூஸின்மேல் அச்சிட்டிருக்கும் அதே வெப்பநிலை, அதே ஆம்பியரில் புதிது வாங்குங்கள். சால்டரிங் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். உலோகக் குழல் இணைப்பியைப் போட்டு நசுக்கித்தான் இணைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றினேன். ஆறிய நிலையில் மீட்டரில் அது நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். சூடேறியபின் பிரிகிறதா என்பது அந்தச் சோதனையில் தெரியாது.

மின்கசிவு பிரேக்கர் விழுகிறது, வயர்மேல் தண்ணீர் ஒழுகியிருக்கிறது, ஹீட்டர் குழாயே விரிசல் விட்டிருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த மேக்கரை நான் திரும்பப் பயன்படுத்த மாட்டேன்.

உங்களுக்குத் தட்டு சுடுவதால் இந்த ஃபியூஸ் வேலையெல்லாம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். வினிகருக்கும் அசையாமல் திறக்க வேண்டி வந்தால், உருவும் முன் குழாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு திசைமாறிப் போனால் தண்ணீர் இறங்கவே இறங்காது. பூட்டியபின் முதல் குடுவை வெறும் தண்ணீராக இருக்கட்டும். அது இறங்கி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, அடியில் ஈரம் கசிகிறதா என்று ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள்.