பத்து ரூபாய் வாஷர்

கேள்வி: பாத்ரூம் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது. வாஷர் மாற்ற பிளம்பர் 400 ரூபாய் கேட்கிறார். வாஷர் விலையோ 10 ரூபாய். நானே மாற்றிவிடலாமா? (பெயர் போடாதீர்கள். எங்கள் வீட்டிலும் இந்த இதழ் வாங்குகிறோம்.)
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மாற்றலாம். ஆனால் குழாயில் கை வைக்குமுன் மொட்டைமாடிக்குப் போய், தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் இருக்கிற கேட் வால்வைத் திருகிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் வேலையை ஆரம்பியுங்கள். நிற்காவிட்டால் பேசாமல் 400 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.

இதைப் பார்க்காமல் இறங்கியவன் நான். தாம்பரம் பக்கம் பழைய வீடு, ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), போர் தண்ணீர். உப்பு எப்படிப் படிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமனார் சாப்பிட வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஸ்பேனரை எடுத்தேன். வால்வின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே இறங்கி அடைக்க வேண்டிய தகடு எப்போதோ தண்டிலிருந்து கழன்றுவிட்டதாம், பிற்பாடுதான் தெரிந்தது. அரைத் தொட்டித் தண்ணீரை பக்கெட், குடம், அண்டா, கடைசியில் இட்லிக் குண்டான் என்று பிடித்துவைத்துக் காலி செய்தோம். என் மனைவி அதுவரை எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குழாயின் தலைப்பகுதியைக் கழற்றினால் தண்டின் அடியில் வாஷர் இருக்கும், அவ்வளவுதான் வேலை. என் குழாயில் தலை அசையவே இல்லை. மூச்சைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினேன். தலைக்குப் பதிலாகக் குழாயே திரும்பி, சுவரோரம் முறிந்து கையோடு வந்துவிட்டது. அதன் திருகு மரை மட்டும் சுவருக்குள் எல்போவிலேயே (பைப்பை வளைத்து இணைக்கும் துண்டு) மாட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் மாமனார் வந்து எட்டிப் பார்த்தார்.

“வாஷர் எவ்வளவு மாப்பிள்ளை?”

“பத்து ரூபா மாமா.”

சாயங்காலம் வந்த பிளம்பர், உடைந்த மரைத்துண்டில் ஆக்சா பிளேடால் இரண்டு கோடு அறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் உள்பக்கம் மடக்கி, பிளையரால் பிடுங்கிப் போட்டார். எல்போவின் மரையில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கையைப் பார்த்தபிறகு கூலி பற்றி நான் வாய் திறக்கவில்லை. புதுக் குழாய், புது வால்வு எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்.

நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். ஒரு ஸ்பேனரால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் தலையைத் திருப்புங்கள். முதல்நாள் இரவே மூட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டுவையுங்கள். தரையிலுள்ள ஜல்லடை ஓட்டையைத் துணியால் மூடுங்கள், திருகாணி நேராக அங்கேதான் உருளும். பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். கால் சுற்றிலேயே முழுதாகத் திறக்கும் குழாயென்றால் இதெல்லாம் பொருந்தாது. அதில் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

கேள்வி: டெஃப்லான் டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? குழாயைத் திருகும்போது சுருண்டு வந்துவிடுகிறது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகிற பக்கமாக, இழுத்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைப்பது மெல்லிய டேப். பத்துச் சுற்றாவது வேண்டும். சுவருக்குள் சி.பி.வி.சி. (பிளாஸ்டிக்) பைப் என்றால் அளவாக இறுக்குங்கள். எல்போ விரிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.