பிரவுனியும் பிரஷர் குளிசையும்

கேள்வி: அக்கா, நான் வீட்டில பிரவுனி சுட்டா ஒவ்வொரு முறையும் கேக் மாதிரிப் பொங்கி காஞ்சு போகுது. இன்னொண்டு, எங்கட அம்மாக்கு சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு, டார்க் சொக்லேட் இதயத்துக்கு நல்லதாம் எண்டு பக்கத்து வீட்டு மாமி சொன்னதில இருந்து அவ என்ட பிரவுனில ஒரு நாளைக்கு மூண்டு துண்டு எடுக்கிறா. குடுக்கலாமா? - வாசகி, கல்லடி.

பதில்: மூண்டு துண்டா! அம்மா கெட்டிக்காரிதான். முதல்ல பிரவுனியப் பாப்பம் புள்ள. நீங்க செல்ஃப் ரைசிங் மா போடுறீங்க போல, அதில பேக்கிங் பவுடர் கலந்துதான் வரும், அப்ப பொங்கத்தானே செய்யும். சும்மா கோதுமை மா 90 கிராம் போதும், பட்டர் 150, சொக்லேட் 150, சீனி 200, முட்டை 3. பட்டரையும் சொக்லேட்டையும் சுடுதண்ணிச் சட்டிக்கு மேல வச்சு உருக்குங்க (நம்மட வெயிலுக்கு கடையில இருந்து வீட்ட வரக்குள்ளயே பாதி உருகியிரும், அது வேற கதை). முட்டையும் சீனியும் நுரைக்க அடிச்சாத்தான் மேல அந்த மினுக்கமான வெடிச்ச தோல் வரும், ஆனா மா போட்ட பிறகு அடிக்கப்படாது, அகப்பையால மெதுவா பிரட்டி விட்டாக் காணும். 180 பாகையில 25 நிமிஷம் மட்டில. 20லயே ஈர்க்கு ஒண்டு குத்திப் பாருங்க, ஈர்க்கு சுத்தமா வந்தா பிந்திப் போச்சு, ஈரத் துணிக்கை ரெண்டு மூண்டு ஒட்டிக்கொண்டு வரவேணும். ஆறக்குள்ள தானா இறுகும்.

மாமி சொன்னதும் முழுப் பொய் இல்ல. கொக்கோவில இருக்கிற ஃபிளவனோல் எண்ட சத்து ரத்தக் குழாயத் தளர வைக்கும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஆனா இது இதயத்துக்கு உதவுதா எண்டு பாத்து 2022ல வெளிவந்த கொஸ்மோஸ் எண்ட ஆய்வில, 21,000க்கு மேற்பட்ட ஆக்களில பாதிப் பேருக்கு குடுத்தது பிரவுனி இல்ல, நாளுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனோல் உள்ள குளிசை. அத எடுத்த ஆக்களில இதய நோயால செத்தது குறைவா இருந்தாலும், மாரடைப்பு பாரிசவாதம் எல்லாம் சேத்த மொத்தக் கணக்கில பெரிய வித்தியாசம் வரல்ல. கடையில மலிவா விக்கிற கொம்பவுண்ட் சொக்லேட்டில கொக்கோவே கொஞ்சம், சீனியும் தாவர எண்ணெயும்தான் கூட, பைக்கட்டத் திருப்பி வாசிச்சுப் பாருங்க.

தட்ட 16 துண்டா வெட்டினா ஒண்டில நீங்க போட்ட சீனி மட்டும் 12.5 கிராம், மூண்டுக்கு 37க்கு மேல, அதாவது ஒம்பது தேக்கரண்டி, சொக்லேட்டில கிடக்கிறது வேற. பிளேன்டிக்கு சீனி வேணாம் எண்டுட்டு இதச் சாப்பிட்டா என்ன பிரயோசனம்? பனங்கட்டி போட்டாலும் அதுவும் ரத்தத்தில சீனிதான். அம்மாட பிரஷர் குளிசைய மட்டும் விடவேணாம், எவ்வளவு சாப்பிடலாம் எண்டு கிளினிக்கில கேளுங்க, அதுவரைக்கும் ஆசைக்கு ஒரு சின்னத் துண்டு குடுங்க. மிச்சத்த மாமி வீட்ட அனுப்பிருங்க, கதையத் தொடக்கினது அவதானே.