ஞாயிற்றுக்கிழமையால் என்ன பயன்?

அன்புள்ள ஐயா,

பின்லாந்தின் யுவாஸ்குலாவில் கல்வியியல் படிக்கிறேன். இப்போது ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் பயிற்சி. முக்கால் மணி நேரப் பாடம் முடிந்ததும், குளிரடித்தாலும் பிள்ளைகள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளி நாட்கள் நன்றாகப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமைதான் பாரம். போன வாரம் தோழிகளோடு ஏரியைச் சுற்றி நடந்தோம். பிறகு ஒருத்தியின் அறையில் காபி, பன், பேச்சு. அறைக்குத் திரும்பியதும் அப்பா வாங்கிய கல்விக்கடன் நினைவுக்கு வந்தது. பாடக்குறிப்பைத் திறந்துவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு வரி ஓடவில்லை. இப்படிக் கழியும் நாளால் என் படிப்புக்கு என்ன பயன்?

க.

அன்புள்ள க.,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது: எல்லோரும் வெளியே போய்விட வேண்டும்.

அங்கே ஒரு பாடவேளை என்பது ஒரு மணி நேரம். அதில் குறைந்தது 45 நிமிடம் கற்பித்தலுக்கு என்பது விதி. மிச்சத்தில் பெரும்பகுதி பிள்ளைகளுடையது. குளிர்காலத்தில் அந்தக் கால் மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று கவனித்திருப்பீர்கள். மொத்தமான பனிக்காற்சட்டைக்குள் காலை நுழைத்து, பூட்ஸ் மாட்டி, தொப்பி தேடி, ஒற்றைக் கையுறைக்கு ஜோடி தேடி, வெளியே ஓடிப் பனியில் நாலு உருளல். மணி அடித்ததும் அத்தனையையும் கழற்றி, ஈரத்தை உதறி, மறுபடி வகுப்பு. நேரத்தைக் காசாக எண்ணுகிற யாரும் முதலில் வெட்டுவது இதைத்தான். அவர்கள் வெட்டவில்லை. பெருக்கல் சரியாகப் போட்ட பிள்ளையும் வெளியே போகிறது, தப்பாகப் போட்டதும் போகிறது. விளையாடிவிட்டு வந்ததால் என்ன கற்றாய் என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை.

இதனால்தான் அந்த நாடு முதலிடம் வந்தது என்று நம் ஊரில் மேடைதோறும் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் 2000இல் பின்லாந்து உலகை வியக்கவைத்தது உண்மை. 2006க்குப் பிறகு அதன் மதிப்பெண்கள் இறங்கிவருவதும் உண்மை. இடைவேளை இரண்டு காலத்திலும் இருந்தது. மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் பிள்ளைக்கு வெளியே போக நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வயதுக்கு நீங்கள் தருகிற இந்த உரிமையை உங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

நீங்கள் இருக்கும் ஊரையும் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். பின்னிஷ் மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முதல் கல்லூரி 1863இல் அங்கேதான் தொடங்கியது. அதை நடத்திய ஊனோ சிக்னேயுஸ் பாதிரியாராக இருந்தவர். அலாஸ்கா ரஷ்யாவின் கையில் இருந்த காலத்தில், அதன் சிட்காவில் சில ஆண்டுகள் பணிசெய்தார். பிறகு 1858, 1859இல் சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று பள்ளிகளைப் பார்த்துக்கொண்டே அலைந்தார். நீங்கள் படிக்கும் மரபைத் தொடங்கியவரே ஊர்விட்டு ஊர் போய்க் கற்றவர்தான். அவர் வற்புறுத்தலால் 1866இல் கைவேலை பள்ளிகளில் கட்டாயப் பாடமானது. உங்கள் பள்ளியில் மரவேலைக்கூடம் இருக்கும். ஒருநாள் போய் உளியின் சத்தத்தோடு, மரத்தூளோடு நில்லுங்கள். தேர்வை மட்டும் நினைத்தவர் அப்படியொரு அறையைக் கட்டியிருக்க மாட்டார்.

கடன் விஷயம். அதை லேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டி ஏறுகிற வீட்டின் இரவுகள் எனக்குத் தெரியும். ஆனால் பாடக்குறிப்பை முறைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த இரவில் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. திங்கட்கிழமை காலையில் தூக்கம் கெட்ட ஒரு ஆசிரியைதான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தார். அப்பாவிடம் பேசும்போது தேர்வு, கட்டணம் மட்டும் பேசாதீர்கள். ஏரி உறைந்தால் எப்படி இருக்கும், தோழி சுட்ட பன் எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். மகள் தனியாக இல்லை என்று தெரிவதுதான் அவருக்கு முதல் ஆறுதல்.

டிசம்பரில் அங்கே பகல் ஐந்து மணி நேரம் போலத்தான். அந்த வெளிச்சத்தை அறைக்குள் வீணடிக்காதீர்கள். பக்கத்திலேயே சைனட்சாலோ தீவில் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ கட்டிய செங்கல் ஊர்மன்றம் இருக்கிறது, 1952இல் முடிந்தது. பெரிய கட்டடம் இல்லை. அதன் முற்றத்துக்கு ஏறும் படிக்கட்டுகளில் ஒன்றில் புல் வளர்த்திருக்கிறார். நான் அங்கே இருந்தால் பனி உருகிய பிறகு அதைப் பார்க்கவே பஸ் ஏறுவேன். குளிர்காலத்தில் பள்ளி மைதானங்களில் தண்ணீர் ஊற்றிப் பனித்தளம் போடுவார்கள். பழைய ஸ்கேட்டிங் காலணி ஒன்று வாங்கிப்போய் விழுந்து எழுந்திருங்கள். உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை யாராவது பார்த்தால் கைகொடுக்க ஓடிவரும், பேர் சொல்லிக் கூப்பிட்டபடி. அந்தக் கூப்பாட்டில் மரியாதைக்குறைவு ஏதும் இல்லை, மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பாடக்குறிப்பை வழிகாட்டும் ஆசிரியர் முன்கூட்டியே பார்க்க வேண்டும் இல்லையா? திங்கள் பாடத்துக்கானதை வெள்ளிக்கிழமை மாலையே அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை துணி துவைக்க, சமைத்துவைக்க. பிப்ரவரி கடைசி வாக்கில் பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை ஒரு வாரம் வரும். அந்த வாரத்துக்குப் பாடக்குறிப்பே கிடையாது.