கேசட் செட்டைக் கழற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 2002ஆம் ஆண்டு மாருதி ஜென் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அதில் கேசட் போடும் ரேடியோ செட்தான் இருக்கிறது. செல்போன் பாட்டுகளைக் கேட்க, சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். ஊருக்குள் ஒழுங்காகப் பாடுகிறது. மதுரை ரோட்டில் ஏறினால் ஒரே இரைச்சல். பாட்டின் நடுவே யாரோ விளம்பரம் படிக்கிறார்கள். செட்டை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். வைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். பாட்டு நுழைய உங்கள் செட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. டேஷ்போர்டை அறுத்துத் திரை வைத்த பிறகு அப்பாவின் காருக்குப் பழைய முகம் திரும்பாது.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். நீங்கள் வாங்கியது ஒரு குட்டி வானொலி நிலையம். காருக்குள் எட்டினால் போதும் என்று மிகக் குறைந்த சக்தியில் செய்திருக்கிறார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், எஃப்.எம். ரேடியோ பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். திண்டுக்கல்லில் காலியாக இருந்த எண்ணில் மதுரைப் பக்கம் வேறு யாராவது இருப்பார்கள். கொடைக்கானல் வானொலியின் 100.5 மலைமேலிருந்து வருகிறது, மதுரையில் 93.5, 98.3, 106.4 மூன்றும் தனியார் நிலையங்கள். இவற்றையும் இவற்றை ஒட்டிய எண்களையும் விட்டுவிடுங்கள். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிவிட்டு, வெறும் ‘உஸ்’ மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். ஆன்டெனா இழுத்து நீட்டும் வகை என்றால் முழுக்க உள்ளே தள்ளிப் பாருங்கள். வெளி நிலையங்கள் பலவீனமாகி, உள்ளே இருக்கும் உங்கள் கருவியின் கை ஓங்கும்.

ஆனால் நான் சொல்ல வந்த வழி இதுவல்ல. கடையில் கேசட் அடாப்டர் என்று கேளுங்கள். பார்க்கக் கேசட் போலவே இருக்கும், ஒரு வயர் தொங்கும். உள்ளே நாடா கிடையாது. நாடா ஓட வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்த ஹெட் இருக்கும். நாடாவிலிருந்து பாட்டை எடுக்கும் செட்டின் ஹெட் அதன்மேல் வந்து அழுந்தும். செல்போனிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு ஏற்ப அங்கே காந்தப்புலம் ஏறி இறங்கும். செட் அதை நாடாவிலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டு பாடும். காற்றில் எதுவும் போகாததால் எந்த நிலையமும் குறுக்கே வர முடியாது.

பல வருடம் சும்மா கிடந்த செட் என்றால் முதலில் ஹெட்டைத் துடையுங்கள். சாவியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியைக் கேசட் வாய்க்குள் விட்டு, பளபளவென்று தெரியும் அந்தச் சிறு உலோக முகத்தில் மெதுவாகத் தேயுங்கள். பஞ்சு பழுப்பாக வெளியே வரும். பழைய நாடாக்கள் விட்டுச்சென்ற ஆக்சைடு தூள் அது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் உள்ள ரப்பர் உருளையில் ஆல்கஹால் படக் கூடாது, ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதற்குத் தண்ணீரில் லேசாக ஈரப்படுத்திய பஞ்சு போதும்.

போட்டவுடன் செட் அடாப்டரை வெளியே தள்ளுகிறதா? சக்கரம் சுழலாததால் கேசட் முடிந்துவிட்டதாக அது முடிவு செய்கிறது. அடாப்டரின் பற்சக்கரம் இறுகியிருக்கலாம், அல்லது செட்டின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். டேப்ரெக்கார்டர் பழுதுபார்த்த பழைய கை யாராவது உங்கள் ஊரில் இருந்தால் பெல்ட்டை மாற்றித் தருவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி மங்கினால், கேசட்டின் மறுபக்கத்தைத் தானாகப் பாடவைக்கும் ஆட்டோ ரிவர்ஸ் பக்கம் மாற்றியிருக்கும். திசை மாற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

செல்போனில் ஹெட்போன் செருகும் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று வேண்டும். செல்போன் ஒலியை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியை செட்டில் கூட்டுங்கள். செல்போனில் முழுதாக ஏற்றினால் குரல் கிழியும்.

கேள்வி: என் பழைய காரின் செட்டில், செல்போனை வயரில் இணைக்கும் ஆக்ஸ் துளை இருக்கிறது. செல்போனைச் சார்ஜரில் போட்டபடி பாட்டு வைத்தால் ‘ங்ங்…’ என்று ஒரு ஒலி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது. அது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஒலி. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த் என்று செல்போன் இரண்டு பக்கமும் கட்டப்பட்டு ஒரு வளையம் உண்டாகிறது. இன்ஜின் சுழற்சியோடு ஆல்டர்னேட்டரின் அலை அந்த வளையத்தில் புகுந்து பாட்டில் கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒலி நின்றால் சந்தேகமே இல்லை. ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சிறு டப்பாவைச் செருகுங்கள். அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் பாட்டை மட்டும் கடத்திவிட்டு எர்த் தொடர்பைத் துண்டித்துவிடும். ஸ்பீக்கர் மாற்றச் சொல்லி யார் வந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த கார் வைத்திருக்கிறேன். ரேடியோ 76இல் தொடங்கி 90உடன் நின்றுவிடுகிறது. 87.5இலிருந்து 108 வரை போகும் டிரான்ஸ்மிட்டர் இதற்குச் சரிவருமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சரிவரும். 87.5க்கும் 90க்கும் இடையில் இரண்டும் சந்திக்கின்றன; அந்த இடைவெளியில் காலியாக உள்ள எண்ணைப் பிடியுங்கள். உள்ளூர் நிலையங்களுக்காக பேண்ட் எக்ஸ்பாண்டர் ஏற்கெனவே பூட்டியிருந்தால் கணக்கு மாறும். அது அலைவரிசையைக் கீழே இறக்கித் தருவதால், திரையில் தெரிவது உண்மையான எண் அல்ல. தெரிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து, அதன் உண்மையான எண்ணிலிருந்து திரையில் தெரியும் எண்ணைக் கழியுங்கள். கிடைக்கும் வித்தியாசத்தை டிரான்ஸ்மிட்டர் எண்ணிலிருந்து கழித்து, அந்த இடத்தில் ரேடியோவை வையுங்கள்.