கர்நாடகத்தின் உள்ளூர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத கதை எது?

என்னைக் கேட்டால் தலக்காடுதான். மைசூருக்குக் கிழக்கே, காவிரிக்கரையில் இருக்கும் ஊர். கங்கர்களின் தலைநகராக இருந்தது. பிறகு சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். அவர்களை விரட்டிய ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அங்கே கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான்.

கதை 1610-இல் நடக்கிறது. மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியதும், விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா தலக்காட்டுப் பக்கம் போய்விடுகிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலின் ரங்கநாயகி தாயாருக்குச் சாத்தும் நகைகள் அவரிடம் இருந்தன. அந்த நகைகளைக் கேட்டு அரசரின் ஆட்கள் துரத்தி வர, பக்கத்து ஊரான மாலங்கியையும் சேர்த்து, "தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும்" என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தாராம்.

மணல் விஷயம் கண்ணெதிரே தெரிகிறது. பாதாளேஸ்வரர் கோயிலுக்கு மணல்மேட்டிலிருந்து படியிறங்கித்தான் போகவேண்டும். இதற்குச் சாபம் தேவையில்லை என்பது என் கட்சி. 14-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் மேல்பகுதியில் கட்டிய மாதவமந்திரி அணையால் ஆற்றுப்படுகை வெளியே தெரிய, காற்று மணலை ஊருக்குள் அள்ளிப்போட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சரி, பிள்ளை விஷயம்? மைசூர் அரச வம்சத்தில் மூன்றாம் கிருஷ்ணராஜர் தத்தெடுத்தார், நான்காமவருக்கு வாரிசு இல்லை, 2013-இல் மறைந்த ஸ்ரீகண்டதத்தருக்கும் இல்லை. நடுவில் வந்த சாமராஜருக்கும் ஜெயசாமராஜருக்கும் பிள்ளைகள் உண்டு, அதைக் கதை சொல்பவர்கள் மெல்லத் தாண்டிவிடுவார்கள். 2015-இல் தத்து வந்த யதுவீருக்கு 2017-இல் மகன் பிறந்தபோது, சாபம் தீர்ந்தது என்றே பத்திரிகைகள் எழுதின.