பெட்டியில் கிடந்த மலையேற்ற பூட்ஸ்: பிய்ந்த அடியை ஒட்டலாமா?

அடி பிய்ந்த பழைய பூட்ஸை ஒட்டிப் போட்டுக்கொண்டு, உத்தராகண்டில் பனியில் ஏறும் கேதார்காந்தா மலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பனியில், பாதி வழியில் மறுபடி பிய்யும்.

"ரெண்டு தடவைதான் போட்டேன், எட்டு வருஷமாகப் பெட்டியில் பத்திரமாக இருந்தது" என்கிறீர்கள். அப்படி வைத்திருந்ததுதான் காரணமாக இருக்கும். தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவிலுள்ள மெத்தை பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைத்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக.

பிய்ந்த இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். பழைய ரஸ்க் மாதிரி பொடியாக உதிர்ந்தால் மெத்தையே போய்விட்டது, எந்தப் பசையும் பிடிக்காது. உதிராமல் வழவழவென்று பிரிந்திருந்தால் பசை மட்டும் விட்டிருக்கலாம். அதை ஒட்டித் தைத்து உள்ளூர் நடைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கால் பூட்ஸ் முழுசாகத் தெரிந்தாலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

அடியிலிருக்கும் மஞ்சள் முத்திரை போட்ட வைப்ரம் (Vibram) பிராண்ட் ரப்பரைத் தூக்கிப் போட மனசு வராது, புரிகிறது. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் தன்னோடு ஏறியவர்களை இழந்த இத்தாலிய மலையேறி விதாலே பிரமானி, ஆணி அடித்த பூட்ஸுக்கு மாற்றாக 1937-ல் கொண்டுவந்த அடி அது. என்ன அருமையான வடிவம்! ஆனால் ரப்பர் நன்றாக இருப்பதால் மெத்தையும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

மேல்தோல் நன்றாக இருந்தால், மலையேற்ற பூட்ஸ் பழுதுபார்க்கும் இடத்தில் மெத்தையையும் சேர்த்து மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எல்லா மாடலுக்கும் முடியாது. அப்புறம், புதுசு வாங்கினால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே போட்டு நடந்து பழக்குங்கள்.