டயலில் இருப்பது விற்றவர் பெயர், மெஷினின் பெயர் எங்கே?

கேள்வி: பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தா கட்டியிருந்த வெஸ்ட் எண்ட் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுக்கும் வகை. போன மாதம் கை தவறி விழுந்து நின்றுவிட்டது. ரிப்பேர்காரர், "பேலன்ஸ் ஸ்டாஃப் (பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) உடைஞ்சிருக்கு. வெஸ்ட் எண்ட்னு சொல்லி பார்ட் கேட்டா கிடைக்காது, என்ன மெஷின்னு தெரியணும்" என்கிறார். பின்மூடியின் உள்பக்கம் ஒரு ஆறு இலக்க எண் இருக்கிறது. அதுதான் மெஷின் எண்ணா? (வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: இல்லை. அது பெரும்பாலும் கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். ரிப்பேர்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வெஸ்ட் எண்ட் மெஷின் தயாரித்த கம்பெனி அல்ல. சுவிட்சர்லாந்தில் பல தயாரிப்பாளர்களிடம் மெஷின் வாங்கி, தன் பெயர் போட்டு இந்தியாவில் விற்றது. நம் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயரை டயலில் தாங்கிய பழைய கடிகாரங்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, வியாபார வழக்கமே அதுதான்.

பின்மூடியைப் பார்த்தே மெஷினைச் சொல்லிவிடலாம் என்றால் அது சீகோ போன்ற ஜப்பான் கடிகாரங்களில்தான். சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் மூலமும் பர்மா பஜார் வழியாகவும் இங்கே வந்த சீகோ 5-ஐத் திருப்பிப் பாருங்கள்: 7009 என்பதுபோல் நான்கு எழுத்துக் குறியீடு, ஒரு கோடு, அப்புறம் இன்னொரு நான்கு இருக்கும். முதல் நான்கு மெஷின், பின்னது கேஸ். சுவிஸ் கடிகாரங்களில் இந்த வசதி கிடையாது.

சுவிஸ் மெஷினில் பார்க்க வேண்டிய இடம், இடமும் வலமும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் பிளேட். சக்கரத்தின் விளிம்பை ஒட்டி, எள்ளளவில் தயாரிப்பாளரின் முத்திரையும் பக்கத்தில் இரண்டு முதல் நான்கு இலக்க எண்ணும் அடித்திருப்பார்கள். ஏ.எஸ். என்றிருந்தால் ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப். என்றால் ஃபோன்டெமெலோன், யு.டி. என்றால் யுனிடாஸ், ஈ.டி.ஏ. என்றால் எட்டா. முத்திரையும் எண்ணும் சேர்ந்துதான் முழுப்பெயர். 'ஏ.எஸ்.' என்று மட்டும் சொல்லிக் கடையில் கேட்பது, தெருப் பெயரைச் சொல்லாமல் 'வில்லிவாக்கம்' என்று மட்டும் முகவரி கொடுப்பதுபோல.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஐகிளாஸும் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் போதும். நேர் வெளிச்சத்தில் முத்திரை பளபளப்பில் மறைந்துவிடும், சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும். குச்சி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பேலன்ஸின் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் ஒருமுறை நெளிந்தால் உடைந்த ஸ்டாஃபைவிடப் பெரிய செலவு. உங்கள் விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்டாஃப் மாற்ற பேலன்ஸை எப்படியும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததும் அந்த இடத்தை போனில் படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.

பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டில்) பெரிதாகத் தெரியும் எழுத்துகளில் ஏமாறாதீர்கள். '17 ஜூவல்ஸ்' கல் எண்ணிக்கை, 'இன்காப்ளாக்' அதிர்வு தாங்கும் அமைப்பு, ஆறேழு இலக்க எண் பெரும்பாலும் வரிசை எண். பேலன்ஸ் பிரிட்ஜில் எல்.எக்ஸ்.டபிள்யூ., ஓ.எக்ஸ்.ஜி. போன்ற மூன்றெழுத்து இருந்தால், அது அமெரிக்காவுக்கு இறக்குமதியான கடிகாரங்களுக்குப் போட்ட குறியீடு. முதலாவது லாஞ்சின்ஸ், இரண்டாவது ஒமேகா. இவை எதுவும் காலிபர் எண், அதாவது மெஷின் மாடலின் எண் ஆகாது.

சரி, பேலன்ஸுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை என்றால்? அப்போது டயலைக் கழற்றி சாவிப் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டெம்மை (சாவித் தண்டை) இழுத்தால் முள் நகர்த்தும் நிலைக்கு மாற்றித் தரும் லிவரும், அதை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங்கும் அங்கே இருக்கும். அந்த ஸ்பிரிங்கின் வளைவும் கொக்கியும் காலிபருக்குக் காலிபர் மாறும். பழைய உதிரிபாகக் கேட்டலாக்குகளில் மெஷின்களை அளவு வாரியாகப் பிரித்து, இந்த ஸ்பிரிங்கின் படத்தை வைத்துத்தான் தேட வைத்தார்கள். இன்றும் இதைவிட நம்பகமான வழி இல்லை என்பது என் கருத்து. ஆனால் நம்மூர் கடற்காற்றிலும் வியர்வையிலும் ஸ்டெம் துளை வழியாக ஈரம் இறங்கி, முதலில் துருப்பிடிப்பதும் இந்தப் பகுதிதான். முன்பு யாராவது வேறு ஸ்பிரிங்கை அராவிப் பொருத்தியிருக்கலாம். அதனால் திருகுத் துளைகள் இருக்கும் இடங்களையும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

மெஷினின் அளவை வெர்னியர் அளவுகோலில் டயல் பக்கம், கேஸுக்குள் உட்காரும் விட்டத்தில் எடுக்க வேண்டும், வெளிவிளிம்பில் அல்ல. கேட்டலாக் கணக்கு 'லிங்ன்' என்ற பழைய பிரெஞ்சு அளவு, ஒரு லிங்ன் 2.256 மி.மீ. பெருக்கல் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 11½ லிங்ன் என்றால் 25.9 வரும், ஆனால் அந்த அளவில் சொல்லப்படும் எட்டா 2824 உண்மையில் 25.6 மி.மீ.தான். அதனால் மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். வினாடி முள் நடுவிலா, ஆறு மணிப் பக்கம் தனி வட்டத்திலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்து மெஷினிலும் அதற்கேற்ப எண் மாறும்.

கிடைத்த எண் டயலோடு ஒத்துவராமலும் போகலாம். டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்து, கிடைத்த மெஷினைப் பொருத்தி விற்பதற்கு சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து வீட்டிலேயே இருந்தது என்றால் அந்தக் கவலை குறைவு.

எண் தெரிந்ததும் ஸ்டாஃப் கேட்கும்போது, ஷாக் அமைப்பு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேலன்ஸின் நடுக்கல் மேல் யாழ் வடிவில் சிறு ஸ்பிரிங் இருந்தால் இன்காப்ளாக். ஒரே காலிபர் இரண்டு விதமாகவும் வந்திருக்கலாம், அவற்றின் ஸ்டாஃபின் முனைகள் வேறு. விழுந்ததும் உடைந்திருப்பதால் உங்களுடையது ஷாக் இல்லாத பழைய வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடைந்த துண்டுகளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தயார் பார்ட் கிடைக்காவிட்டால், லேத்தில் ஸ்டாஃப் கடைந்து கொடுக்கத் தெரிந்தவருக்கு அளவெடுக்க அவை வேண்டும்.